பங்குதாரர் கேள்வி நேரம்

ஹார்ட்ஃபோர்டில் ஓர் ஓட்டல், இரண்டாம் மாடி.
கூடத்தின் கடைசியில் கறுப்புத் துணி போர்த்திய மேசை,
அதன் பின்னால் நான்.
பேச வருகிறவருக்கு இரண்டு நிமிடம்.
பச்சை. முப்பது நொடி இருக்கையில் மஞ்சள்.
சிவப்பு விழுந்ததும் மைக்கை அணைக்க வேண்டும்.
மணிக்கு இருபத்தாறு டாலர். சாப்பாடு தனி.

தலைவர் பதினான்காம் பக்கத்தைக் காட்டினார்.
இடது மூலையில் படுத்திருந்த நீலக் கோடு
மெல்ல எழுந்து
வலது மூலையில் கூரையைத் தொட்டது.
கைதட்டலில் என் மீட்டர் முள் துள்ளியது.

ஏழாவதாக வந்தவள்
மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"ஆர்லீன் பிரேட்டர். கிழக்குக் கென்டக்கி.
இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
எங்கள் ஓய்வூதிய நிதி உங்கள் பங்கை வைத்திருக்கிறது,
அதன் பதிலாளாக வந்திருக்கிறேன்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
என் பங்குக்கு நான்கு டாலர் பத்து சென்ட்.

மகன் டஸ்டினுக்கு மல்யுத்தப் பயிற்சியில் தோள் நழுவியது.
டாக்டர் எழுதிக்கொடுத்தார்.
டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்தது உங்கள் கம்பெனிப் பையன்.
மரியாதையானவன். வரும்போதெல்லாம்
நர்ஸுகளுக்குப் பீச் பழக் கேக் வாங்கி வருவான்.
நூற்றில் ஒருவருக்குக்கூடப் பழக்கமாகாது என்று
அவன் தந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.
ஊரில் ஆயிரத்து எண்ணூறு பேர், கைக்குழந்தை உட்பட.
மருந்துக்கடை வரிசை தபால் ஆபீஸைத் தாண்டும்.

உங்கள் அறிக்கை முழுக்க அவனைத் தேடினேன்.
இடர்கள் என்ற பகுதியில் இல்லை.
சமூகப் பொறுப்பில் யாரோ மரம் நடுகிறார்கள்.
பதினான்காம் பக்கத்தில்தான் கிடைத்தான்.
அந்தக் கோடு செங்குத்தாக ஏறுகிறதே,
அங்கே.
நாளைக்கு இரண்டு, பிறகு ஆறு, பிறகு
என் அம்மாவின் மோதிரம்."

மஞ்சள்.

"கேள்வி இதுதான்.
அவன் வாங்கித் தின்றதில் எனக்கு வந்த லாபம்
எந்த நான்கு டாலரில் இருக்கிறது?
அதை மட்டும் திருப்பித் தர வேண்டும்.
யாரிடம் தருவது? உங்களில் யார்..."

உதடு அசைந்துகொண்டிருந்தது.
அணைத்தேன்.

ஆழ்ந்த வருத்தம், என்றார் தலைவர். அடுத்த கேள்வி.
யாரோ தண்ணீரில் பனிக்கட்டி போட்டார்கள்.
தீர்மானத்துக்கு எதிராகத் தொண்ணூற்றாறு விழுக்காடு.

மாலையில் ஒயர் சுருள்களை வேனில் ஏற்றுகையில்
கார்களுக்கு நடுவில் அவள்.
திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.
"விளக்கு நீதானே?"
தலையாட்டினேன்.
"என் பேருந்திலும் இந்த நிறங்கள்தான்.
மஞ்சள் மினுங்கினால் பின்னால் வருகிறவன் வேகம் குறைப்பான்.
சிவப்பென்றால் குழந்தை இறங்குகிறது.
நிலக்கரி லாரிகூட நின்றுவிடும்,
இரண்டு பக்கமும்."

கைப்பையில் சாவியைத் தேடினாள், வெகுநேரம்.

நான் சீட்டில் ஐந்தரை மணி என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.