ஆறா ஒன்பதா

மோல்மீனில் மழை பிடித்தால் மூன்று நாள்.
ரப்பர் மண்டிக் கணக்கை மூடிவிட்டு
மின்சாரம் இருந்த இரண்டு மணி நேரத்தில்
இணையக் கலைக்களஞ்சியத்தில்
எங்கள் படகுத்துறைக்கு ஒரு பக்கம் எழுதினேன்.
துறையின் நீளம். தூண்களின் வயது.
பாலம் வருமுன் மொட்டமாவுக்கு ஓடிய படகுகள்.
கடைசிப் பத்தியில் ஷ்வே ஹின்தா, கவிழ்ந்தது.

"படகில் இருந்தவர்கள் நாற்பத்தாறு பேர்."

எண் எங்கிருந்து வந்ததென்றால்,
சீட்டுப் பேரேட்டின் ஒரு பக்கம்,
துறைக் குமாஸ்தாவின் மகன் கைப்பேசியில் எடுத்து அனுப்பியது.
பாதி ஈரம், பாதி கரையான்.
பர்மிய ஆறைத் தலைகீழாக்கினால் ஒன்பது.
வால் மேலே போகிறதா கீழே இறங்குகிறதா,
அவ்வளவுதான் வழக்கு.
வால் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது.
ஆறு என்று படித்தேன்.
தூக்கம் வந்தது.

மறுநாள் எண்ணின் தோளில் சின்னதாக
சான்று தேவை.
வைத்தவர் வியாகப்பன், இன்செயின்.
முகம் பார்த்ததில்லை.
ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் என்கிறது அவர் பயனர் பக்கம்.
அதற்கும் சான்றில்லை.
"பேரேடு அச்சில் இல்லையே அம்மா.
நாளை வேறொருவர் எங்கே போய்ச் சரிபார்ப்பார்?"
நியாயந்தான்.
நியாயம் என்பதால் கூடுதல் எரிச்சல்.
கண்ணால் கண்டதும் பொய் என்கிற கட்சி போலும் என்று
உரையாடல் பக்கத்தில் எழுதி
அனுப்பாமல் அழித்தேன்.

நாலு மழைக்காலம் போயிற்று.
மீன்கூடையில் காய்ந்த செதில் மாதிரி
அந்தச் சிறு எழுத்து அங்கேயே ஒட்டிக்கிடந்தது.

பிறகு ரங்கூன் வார இதழ் ஒன்று,
நினைவுநாள் கட்டுரை, மூன்றாம் பக்கம்.
நாற்பத்தாறு உயிர்கள் என்று கொட்டை எழுத்தில்.
தூண்களின் வயதில் நான் விட்ட பிழையும்
குளித்துத் தலைவாரி
அதே பத்தியில் உட்கார்ந்திருந்தது.
வியாகப்பன் சிறு எழுத்தை எடுத்தார்.
இதழ், தேதி, பக்க எண் எல்லாம் இணைத்தார்.
"சான்று கிடைத்துவிட்டது. பொறுத்ததற்கு நன்றி."

என் வாயிலிருந்து போனது
ஊர் சுற்றி, வெற்றிலை போட்டுச் சிவந்து,
எனக்கே சாட்சி சொல்ல வந்து நிற்கிறது.

மார்ச் வெயிலில் குமாஸ்தா வீட்டுக்குப் போனேன்.
தாளைச் சாய்த்துப் பிடித்தால்
மை போன இடத்திலும் பேனா அழுத்திய தடம்.
கீழே இறங்குகிறது.
ஒன்பது.
அல்லது, நாலு வருட உறுத்தல்
ஒன்பது என்று படிக்கிறது.
ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு:
மடிக்குழந்தைகளுக்கும் பிக்குகளுக்கும் சீட்டில்லை.
எத்தனை மடி என்று எழுதவில்லை.

இணையம் வந்த இரவில் எழுதினேன்:
"இதழ் என்னிடமிருந்து எடுத்தது.
நான் கரையானிடமிருந்து."

இரண்டு நாள் கழித்துப் பதில்.
"உங்களை நம்புகிறேன்.
ஆனால் நீங்கள் ஆதாரம் அல்ல.
இனி இதழும் அல்ல."

எண்ணை அழித்தோம், அவர் பாதி, நான் பாதி.
"எத்தனை பேர் என்று உறுதியாகத் தெரியவில்லை"
என்ற வரிக்கு ஒன்பது நாள் வாதம்.
உறுதியாக என்ற சொல்லை அவர் வேண்டாம் என்றார்,
பிறகு வேண்டும் என்றார்.
இதற்குள் உயர்நிலைப் பள்ளி வினாடி வினாவில்
நாற்பத்தாறு என்று சொன்ன பிள்ளைக்கு
சைக்கிள் கிடைத்துவிட்டது.

பத்தியில் மிச்சம் ஒரே வாக்கியம்:
படகு அன்று கரை சேரவில்லை.
இதை யார் கேட்கப்போகிறார்கள் என்றிருந்தேன்.
அதன் தோளிலும் வைத்தார்
சான்று தேவை.

சத்தமாகச் சிரித்துவிட்டேன்,
மண்டியில் எடைபோட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.
ஜன்னலுக்கு வெளியே சல்வீன்,
தமிழில் அதுவும் ஆறுதான்,
எண்ண முடியாத ஆறு.

துறையில் இன்னும் யாராவது
அந்தக் காலைநேரத்துப் பழைய செய்தித்தாளைப்
பொட்டலம் கட்டாமல் வைத்திருக்கக்கூடும்.
நாளை கேட்கவேண்டும் என்று
அவருக்குப் பதில் எழுதும்போது
மின்சாரம் போயிற்று.

சேமித்தேனா என்று நினைவில்லை.