அறுநூற்றுப் பதினேழு

பிடோக்கில் ஒரு புளோக். எட்டாவது மாடிப் பொத்தான்
அழுந்தியபடியே சிக்கிக்கொண்டது.
யாரும் அழைக்காமலே லிஃப்ட் ஏறுகிறது,
கதவைத் திறந்து வெறும் தாழ்வாரத்தைப் பார்க்கிறது,
மூடிக்கொள்கிறது, மறுபடி திறக்கிறது.
ராத்திரி முழுக்க இதே கூத்து என்றார் எதிர்வீட்டு அங்கிள்.
முப்பத்திரண்டு வருடமாக
இந்தக் கூத்தை நிறுத்துவதுதான் என் சம்பளம்.

அதனால் ஊட்ரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கோ
தாளில் ஒரு சுவிட்ச் வரைய ஆரம்பித்ததுமே
மீதியை நானே சொல்லிவிட்டேன்:
மஜ்ஜைக்குள் ஒரு பொத்தான் சிக்கிக்கொண்டது,
கேட்காமலே ரத்தம் வந்து நிற்கிறது.
ஆமாம் என்றார். ஜாக் டூ என்று பெயராம்.
அறுநூற்றுப் பதினேழாம் இடத்தில்
ஒன்று மாறி வேறொன்று உட்கார்ந்திருக்கிறது.
புளோக் நம்பர் மாதிரி இருக்கிறதே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கொஞ்சம் பொறுத்துச் சிரித்தார்.

(அடுத்த வாரமே 617-லிருந்து ஒரு புகார்.
வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டேன்.)

அப்பா கொடுத்ததில்லை. மகளுக்கும் அநேகமாகப் போகாது.
எந்த வருடமோ, எந்தக் குழிக்குள்ளோ
கிரீஸ் கையோடு நான் நின்ற ஒரு மத்தியானம்
ஒரே ஓர் உயிரணு தன்னைத் தப்பாக நகலெடுத்துக்கொண்டது.
ஏன் என்பதற்கு மருத்துவத்திலும் விடை இல்லை.
எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு:
"காரணம் தெரியவில்லை, இயக்கம் கண்காணிப்பில்."

சொந்தக்காரர்களுக்கோ ஒரே சந்தோஷம்.
வயசு ஏற ஏற நிறம் கூடுதே மச்சான்,
கன்னத்தில் ரத்தம் சொட்டுதே.
சொட்டத்தான் வேண்டும்.
ஐம்பத்து மூன்றில் இருந்தது,
நாற்பத்தைந்துக்குக் கீழே வர வேண்டும்.
நூர்ஹாயாத்தி ஊசி போடுகிறாள்.
பை மெல்லக் கனக்கிறது, கெட்டிச் சிவப்பில்.
யாருக்காவது கொடுக்கலாமே என்றேன் முதல் தடவை.
மஞ்சள் தொட்டியைக் கண்ணால் காட்டினாள்.
வெளியே வந்து ஒரு கோப்பி.
பிறகு ஐஸை மட்டும் கடித்துக்கொண்டிருந்தேன்.
இரும்பு குறைந்தால் அப்படித்தானாம், பல் ஐஸ் கேட்குமாம்.

ஆபத்துக் கணக்கு ஒரு பக்கம்தான்.
முன்னால் எங்காவது ரத்தம் உறைந்து அடைத்ததா? இல்லை.
சிகரெட்? விட்டுப் பதினோரு வருடம்.
அழுத்தம், சர்க்கரை? மாத்திரைக்கு அடங்கும்.
வெள்ளை அணு கொஞ்சம் அதிகம்,
அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
வயது?
ஐம்பத்தொன்பது, பத்து மாதம்.
டாக்டர் காலண்டரைப் பார்த்தார்.
அறுபது முடிந்த அன்று
வேறெதுவும் மாறாமலே
நீங்கள் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவீர்கள் என்றார்,
மேல்மாடிக்குப் பட்டன் அழுத்துகிற குரலில்.

அந்தத் தேதிக்குத்தான்
சிலோன் ரோட்டுக் கோயிலில் வேதவல்லி
முன்பணம் கட்டியிருக்கிறாள்.
அறுபதாம் கல்யாணம், ஆரஞ்சுப் பட்டு,
ஈப்போவிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள்.

இன்னொன்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி:
பத்து வருடம், இருபது வருடம்,
சிலருக்கு மஜ்ஜை தும்பாகிப் போகும்,
தேங்காய் மட்டை மாதிரி. மண்ணீரல் வீங்கும்.
வெகுசிலருக்கு அதைவிட மோசமாக முடியும்.
விலாவுக்குக் கீழே மூன்று விரலை வைத்து அழுத்தினார்.
மூச்சை இழுங்கள்.
இழுத்தேன்.
இன்னும் தட்டுப்படவில்லை என்றார்.
"இன்னும்" என்பதை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

குளித்தால் அரிக்கிறது.
தடிப்பில்லை, சிவப்பில்லை,
தோலுக்கடியில் ஆயிரம் எறும்பு
எங்கேயோ அவசரமாகப் போகிறது.
குளியலறைக் கதவுக்குப் பின்னால்
பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது
யாருக்கும் தெரியாதென்று நினைத்திருந்தேன்.

நேற்று ராத்திரி சமையலறையில் விளக்கில்லாமல்
வேதவல்லி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.
"இல்லைங்க ஐயரே, அறுபது கலசமும் வேண்டாம்.
ஹோமம் எல்லாம் இருக்கட்டும்.
தலையில் ஊற்றுகிறதை மட்டும்
ஒரே ஒரு செம்பில் முடித்துக்கொள்ள முடியுமா?
அவருக்குத் தண்ணீர் ஆகாது."
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
"பரவாயில்லை. மீதியை என் தலையில் ஊற்றுங்கள்."