ஒன்றரைச் சுற்று

இருசப்பன் கடை ஷட்டரில்
சாக்பீஸ் எழுத்து:
"ஆடித் திருவிழா. வியாழன் திறக்கும்."
நாளை எனக்கு நாகலூரில் நாற்பத்தேழு மீட்டர்.
வண்டியோ மூன்று நாளாக
பன்னிரண்டாவது கொண்டை ஊசியில்
இருமி இருமி உட்கார்ந்துவிடுகிறது.

கோரிமேட்டு வாடகை வீட்டின்
வண்டி நிறுத்தத்தில் பழைய பேப்பர் விரித்தேன்.
முதலில் பெட்ரோல் குழாயை மூடு
என்று எனக்கு நானே சொன்னேன்.
மூடியதாக நினைத்து ரிசர்வில் வைத்திருக்கிறேன்.
நைட்டி மடியெல்லாம் நனைந்தது.

கையளவுதான் கார்புரேட்டர்.
அறுத்த கோழியின் ஈரல் மாதிரி
ஆக்சிலேட்டர் கேபிள் என்ற ஒற்றை நரம்பில்
தொங்கிக்கொண்டு வெளியே வந்தது.
கிண்ணத்தின் கடைசித் திருகு அசையவில்லை.
ஸ்டார் தலை மழுங்கியே போனது.
தட்டிப் பார்த்தேன், எண்ணெய் விட்டேன்,
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
கெட்ட வார்த்தைக்குத்தான் கழன்றது.

உள்ளே வெள்ளை வெள்ளையாய் மாவு.
சுண்ணாம்புக் கரட்டுத் தூசி என்று நினைத்தேன்,
இந்தப் பக்கம் கொடித் துணியிலும்
கொத்தமல்லியிலும் அதுதானே படிகிறது.
இல்லையாம். பெட்ரோலில் இறங்கிய மழைத்தண்ணீர்
அலுமினியத்தைத் தின்ற மிச்சமாம்.

மிதவையைத் தூக்கினால் ஊசி அடைக்கிறது,
விட்டால் திறக்கிறது.
நிறைந்தால் போதும் என்கிறது, குறைந்தால் கேட்கிறது.
இவ்வளவு நேர்மையான ஊழியரை
எங்கள் பிரிவு அலுவலகத்தில் நான் பார்த்ததில்லை.

ஜெட்டை ஊதினேன். காற்று என் முகத்துக்கே திரும்பியது.
"கெட்டிக் கம்பி விட்டுராதீங்க,
ஓட்டை பெருசாயிரும், அப்புறம் பெட்ரோலா குடிக்கும்!"
போனில் இருசப்பன், அவன் பின்னால் பம்பை.
பையைத் துழாவினேன்.
மீட்டருக்குப் போடும் சீல் கம்பி.
முறுக்குப் பிரித்து ஒரே ஓர் இழை
(அரசாங்கச் சொத்து, எழுதிக்கொள்ளுங்கள்)
மூன்றாம் தடவை நுழைந்தது.
கண்ணோடு ஒட்டிப் பிடித்தேன்.
தெருக்கோடியில் சீரியல் செட்டு மாரியம்மன்
ஒரு புள்ளியாய் உள்ளே வந்தாள்,
சிவந்தாள், பச்சையானாள்,
அணைந்துபோனாள்.

கரண்ட் கட்.

"ஈபி அக்கா, எப்ப வரும்?" மாடியிலிருந்து நசீமா.
"உங்க ஆபீசுக்கு ஒரு போன் போடுறது!" எதிர்வீட்டுச் சம்பூர்ணம்.
என் மடியிலோ பித்தளைத் துண்டுகள் எட்டு,
அசைந்தால் ஓடிவிடும் ஸ்பிரிங் ஒன்று.
"மெழுகுவத்தி கொண்டாரேன் இருங்க" என்றாள் நசீமா.
வேண்டாம் என்று நான் கத்திய கத்தலில்
பம்பைக்காரர்கள் ஒரு தாளம் தவறியிருப்பார்கள்.

இருட்டிலேயே மாட்டினேன்.
விரல் நுனிக்கு மரை தெரிந்தது.
காற்றுத் திருகை முட்ட இறுக்கி
ஒன்றரைச் சுற்று பின்னால்.
இருபது வருடமாக
மற்றவர்கள் வீட்டு எண்களை வாசிக்கிறேன்.
இதை வாசிக்க முடியாது, வைக்கத்தான் முடியும்.
கரண்ட் வந்ததும் பார்த்தால்
பேப்பரில் ஒரு வாஷர் மீதி.

ஐந்தாவது உதையில் பிடித்தது,
தேவைக்கு மேல் கத்தலோடு.

காலையில் பன்னிரண்டு கடந்ததே தெரியவில்லை.
பதினான்கில் நானாகத்தான் நிறுத்தினேன்.
பெட்ரோல் வாடை.
கிண்ணத்தின் குழாயிலிருந்து சொட்டு.
நிமிடத்துக்கு ஒன்பது. பழக்கதோஷம்,
எண்ணிவிட்டுத்தான் இஞ்சினை அணைத்தேன்.
ஊசி உள்ளே சரியாக உட்காரவில்லை.
ஸ்பானர் வீட்டில்.
குனிந்து, விரல் கணுவால் கிண்ணத்தைத் தட்டினேன்,
உள்ளே ஆள் இருந்தும் திறக்காத வீட்டில்
தட்டுகிற அதே தட்டு:

"மீட்டர் பார்க்கணும்ங்க."

ஒரு சொட்டு.
இன்னொன்று தொங்கியது, யோசித்தது,
விழவில்லை.