கொசுக்கள் கிடையாது

ஆல்பனி நூலகத்தின் நிலவறையில்
எனக்குத் தந்த வேலை எளியது.
பழைய மாத இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்க வேண்டும்.
கதை வேண்டும், கட்டுரை வேண்டும், கவிதைகூட வேண்டுமாம்.
விளம்பரம் வந்தால் விட்டுவிடலாம் என்றார்கள்.

விட்டுவிட ஒன்றும் இல்லை.
அந்தக் காலத்திலேயே கிழித்துவிட்டார்கள்.
முன்னாலும் பின்னாலும் இருந்த தாள்களை உருவி,
உமியை ஊதுவதுபோல் ஊதித் தள்ளிவிட்டு
இலக்கியத்தை மட்டும் தோல் அட்டைக்குள் தைத்திருக்கிறார்கள்.
தையலோரம் விரலை ஓட்டினால்
வெட்டுப்பட்ட தாள்களின் அடிக்கட்டை உறுத்தும்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு ஜூலை மட்டும் தப்பியிருந்தது.
யாருக்கோ கை தவறியிருக்கும் என்று நினைத்தேன்.

இடப்பக்கம் ஒரு புத்தகம்:
கோடைக்கென்றே எழுதிய நாவல்.
வலையூஞ்சலில் படுத்தபடி வாசிக்கலாம்.
தாய்மார் தயங்காமல் மகள்களிடம் தரலாம்.
தாள் அட்டை ஐம்பது சென்ட்.

வலப்பக்கம் மலைமேல் ஒரு விடுதி:
நானூறடி நீள வராந்தா, கந்தக ஊற்று,
ஒவ்வொரு மாடியிலும் அழைப்புமணி,
மூன்று பாதிரியார்களின் நற்சான்று.
காய்ச்சல் கிடையாது. தூசி கிடையாது.
கொசுக்கள் கிடையாது.

படத்தில் கட்டடம் மலையைவிடப் பெரிது,
வாசலில் மனிதர்கள் எறும்பளவு.
கூரைக்கொடி கிழக்கே பறக்க
ரயில்புகை மேற்கே போகிறது.
வரைந்தவன் அந்தப் பக்கமே போனதில்லை போலும்.

இரண்டுக்கும் நடுவே
நாலாக மடித்த ஒரு கடிதம்.
மிஸ் ஆர்ஃபா டட்டில், பைண்டிங் கூடம், ஆல்பனி.
தலைப்பில் அதே விடுதி, இன்னும் ஒரு மாடி கூடுதலாக.
கீழே ஊதா மையில்:

"அம்மணி,
அறை வாடகை கேட்கவில்லை, சாப்பாடு பற்றிக் கேட்கவில்லை,
ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.
பதினோரு கோடையாக இங்கே கணக்கெழுதுகிறேன்,
இதை யாரும் கேட்டதில்லை.
பதிலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
லெம்யுவல் ஸ்ப்ரேக், எழுத்தர்.

பி.கு. தாங்கள் அதே பக்கத்தில் பார்த்ததாகச் சொன்ன நாவலை
விருந்தாளி ஒருவர் விட்டுப்போனார்.
மழைநாளில் படித்துப் பார்த்தேன்.
அறுபதாம் பக்கம்வரை கதாநாயகி தொப்பியைத் தேடுகிறாள்."

கையெழுத்துக்குக் கீழே, பசை தடவி,
பதில் ஒட்டப்பட்டிருந்தது.
ஆறு கால். ஊசிமூக்கு. ஒரு சிறகு மட்டும் கொஞ்சம் மடங்கி.
நிபுணர்கள் தேவையில்லை,
நான் கூவத்தங்கரையில் வளர்ந்தவள்.

ஆர்ஃபாவுக்கு வாரம் ஐந்தரை டாலர் கூலி
(சம்பளப் பேரேடு மேல்மாடியில் இருக்கிறது).
விடுதியில் ஒரு நாளைக்கு மூன்றரை.
மாதாமாதம் எத்தனை மலை, எத்தனை கடற்கரை
அவள் கத்திக்குக் கீழே வந்திருக்கும்,
எத்தனை ஊற்றுகளைக் கூடையில் போட்டிருப்பாள்.
போனாளா என்று தெரியாது.
பேரேட்டில் ஆகஸ்டு முழுக்க அவள் பெயர் இருக்கிறது,
ஒருநாள்கூட விடுப்பில்லை.
ஆகஸ்டு இதழின் விளம்பரங்கள்
பிசிறில்லாமல் வெட்டியிருக்கின்றன.
செப்டம்பரிலும் அப்படியே.

ஒருவேளை போகத் தேவைப்படாமல் இருந்திருக்கலாம்.
ஒரு ஸ்டாம்பைச் செலவழித்து
அமெரிக்காவிலேயே உண்மை சொன்ன ஒரே விடுதியை
அவள் கண்டுபிடித்துவிட்டாளே.

பக்கத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.
விட்டுவிடு என்று சொன்ன பக்கம்தான்.
திரையில் ஒரு பெட்டி எழும்பியது:
கறை ஒன்று உள்ளது, நீக்கவா?

வேண்டாம் என்று அழுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன்.
கடிதத்தாளைத் தாண்டி ஊறி
நாவலின் விலைமேல், ஐம்பதின் சுழியத்துக்குள்,
பழுப்பாய் ஒரு துளி.
எழுத்தருடையதாக இருக்கலாம்.
அல்லது அந்த வராந்தாவில்
மூன்றரை டாலர் கட்டிவிட்டு
நாவலும் கையுமாய்ச் சாய்ந்திருந்த யாருடையதோ.