அழைப்பு 41217

மேலூர் கிரானைட் கடைத் திரையில்
கல் மட்டும் நடுங்குகிறது.
சுவர், தரை, விலைப்பட்டியல் எல்லாம் அசையாமல் நிற்க
சாம்பல் பலகையின் மூலையில்
ஒரு கறுப்பு முக்கோணம் வந்து வந்து போகிறது.
"கல்லுல விரிசல்னு கஸ்டமர் எந்திரிச்சுப் போயிடறாரும்மா"
என்றார் சேவுகன் அம்பலம்.

டிரேஸ் எடுத்து அனுப்பச் சொன்னேன்.
மூன்றாவது தடவைதான் கோப்பு முழுசாக வந்தது.

எல்லீஸ் நகர், இரண்டாம் மாடி, ராத்திரி பதினொன்று.
நிரல் டிரைவரிடம் கேட்டதெல்லாம் வரிசையாக இருக்கிறது:
இடம் கொடு, படத்தை வை, முக்கோணம் வரை,
துடை, மறுபடி வரை.
ஒரு பிரேமுக்கு ஆறாயிரம் வேண்டுதல்,
ஒன்றுக்கும் நேர்த்திக்கடன் கிடையாது.

திருப்பி ஓட்டினேன்.
கல் அசையவே இல்லை.
மறுபடி ஓட்டினேன். ம்ஹூம்.

போலீஸ் நிற்கும் நாளில் மட்டும்
கோரிப்பாளையம் சிக்னலுக்கு முன்னால்
டேங்க் மேலிருந்து தலைக்கு ஏறும் ஹெல்மெட் மாதிரி
பார்த்தால் ஒழுங்காகிவிடுகிற பிழை.

கீழே தள்ளுவண்டியில் யாரோ
"கல்லு காயட்டும்ணே, அவசரப்பட்டா பிஞ்சிரும்" என்கிறார்.
அதிலிருந்து எனக்கு ஞானம் எதுவும் வரவில்லை.
பசி வந்தது.
ஒரு கறிதோசை.

கை கழுவிவிட்டு
டிரேஸ் கருவியின் மூலநிரலையே திறந்தேன்.
ஒவ்வொரு அழைப்பையும் குறித்துக்கொள்ள
அது ஒரு கணம் நிற்கிறது.
அந்தக் கணத்துக்குள்
கல்லின் படம் நினைவகத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது.
கடையில் அப்படி யாரும் நிற்பதில்லை.
எழுதுகிற கை தாளை விட்டு எழும்புமுன்னே
வாசிக்கிறவன் பிடுங்கிக்கொள்கிறான்.

41217க்கும் 41218க்கும் நடுவே
இருக்கவேண்டிய ஒன்று இல்லை.
இல்லாததை எந்தப் பதிவு காட்டும்?

இரண்டு வரி சேர்த்தேன்.
பொறு என்பதற்கு மேல் அதில் அர்த்தமில்லை.
அனுப்பும்போது மணி நாலேகால்,
யூபிஎஸ் கூவிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு அம்பலம் கூப்பிட்டார்.
"முக்கோணம் போச்சும்மா. ஆனா
மெலிசா ஒரு கோடு மட்டும் அப்படியே நிக்குது."

கோப்பிலிருந்து மூலப் படத்தை உருவி
பெரிதாக்கிப் பார்த்தேன்.
போட்டோ எடுத்த அன்றே இருந்திருக்கிறது,
இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் நீளம்.

"அது டிரைவர் இல்லீங்க.
கல்லு."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
பலகை அறுக்கும் மெஷின் சத்தம் மட்டும்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"அதையும் எடுத்துர முடியாதா?"