மேல்வீட்டு ஏசித் தண்ணி

மூலக்கடையில் டெம்போவை ஓரங்கட்டி விற்றவனுக்குப்
பேர் தெரியவில்லை.
'மலைச்செடிக்கா, ஈரம் இருந்தா பொழச்சிக்கும்' என்றான்.
கறுப்பு நரம்பு,
அதில் கொத்தமல்லியைவிட மெல்லிய இலை.
ஊதினால் நடுங்கியது.
நூற்றியிருபது கேட்டுத் தொண்ணூறுக்குக் கொடுத்தான்.
பெரணி என்று
ஆபீஸில் சுங்கப் பில் அடிக்கும் நேரத்தில் தேடிக் கண்டுபிடித்தேன்.

ஈரத்துக்கா பஞ்சம் தண்டையார்பேட்டையில்?
டப்பாவைத் திறந்து மூடுவதற்குள் அப்பளம் நமுத்துவிடும்.
துவைத்த ஜாக்கெட் இரண்டு நாள் கழித்தும்
அக்குளில் ஈரமாக இருக்கும்.
ஆனாலும் இலை ஓரம் கருகியது,
தாள் எரிந்து சுருளுகிற மாதிரி.
இங்கே ஈரத்தோடு உப்பும் வருகிறது,
எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலும்,
மணலியிலிருந்து காற்றடித்தால்
இன்னதென்று சொல்ல முடியாத ஒன்றும்.
போர் தண்ணியோ வாய் கொப்பளிக்கக்கூட ஆகாது.
பக்கெட் விளிம்பில் படியும் வெள்ளையை
தொட்டி மண்ணிலும் பார்த்தேன்.

பாத்ரூம் ஜன்னலில் வைத்தேன்.
ஆசிட் ஊற்றிக் கழுவிய ஞாயிற்றுக்கிழமை
மிச்சமிருந்த இலையும் போனது.

மேல்வீட்டு பெனடிக்டாவோடு இரண்டு கோடையாகப் பேச்சில்லை.
அவள் ஏசிக் குழாய்
என் துணிக்கொடிமேல் சொட்டியதால்.
நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல,
கவுன்சிலர் ஆள் வரைக்கும் போனது.
கடைசியில் கொடியை நான்தான் மாற்றிக் கட்டினேன்.
சொட்டுமிடத்தில் ஒரு பெயிண்ட் டப்பா வைத்தேன்,
சிமென்ட் பாசி பிடிக்கிறதே என்று.

மெட்ரோ தண்ணி வராத ஒருநாள்
அந்த டப்பாவில்தான் மக்கை விட்டு மொண்டேன்.
நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றுமே இல்லை.
காலி ருசி.

பதினோராம் நாள்
மண்ணிலிருந்து ஒரு சுருள்,
மூக்குத்தித் திருகு அளவுக்கு.
அப்புறம் இன்னொன்று.

அன்றிலிருந்து இரவு பத்தரைக்கு
மேலே 'டக்'கென்று ஏசி உயிர்பெறும் சத்தத்துக்குக்
காதை வைத்துப் படுத்திருக்கிறேன்.
மாதக் கடைசியில் ஓடாது.
வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட் என்றால்
பன்னிரண்டுக்கே நின்றுவிடும்.
அவள் மகன் டெங்குவில் கிடந்த வாரம்
பகலிலும் ஓடியது.
டப்பா வழிந்தது. செடி தழைத்தது.
எனக்குச் சந்தோஷப்படக் கூசியது.

நேற்று மாடிப்படியில் வழிமறித்தாள்.
'பிளம்பர் வந்துக்கீறான்.
பைப்ப வேற பக்கம் திருப்பிவுடச் சொல்றேன்,
ஒனக்கும் தொல்ல இல்ல.'
இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

வேணாம் என்றேன்.
முறைத்தாள்.
புது வம்பு என்று நினைத்திருப்பாள்.
விளக்க வார்த்தை வராமல்
கதவைத் திறந்து காட்டினேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.
குனிந்தாள்.
தொடப்போன விரலை இழுத்துக்கொண்டு
'இதுக்கா?' என்றாள்.

இலை ஆடிக்கொண்டே இருந்தது.
ஃபேனை நிறுத்தினேன்.
இரண்டு பேரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு
அதைப் பார்த்து நின்றோம்.