போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடும்

கடிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.
நட்பு ஆட்டம். போக்குவரத்துச் செலவு, மதியச் சாப்பாடு,
கூடவே பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு செக்.
வசந்தாமணி மேடம் இரண்டு தடவை படித்துவிட்டு,
"தோக்கறதுக்குக் காசு தராங்க, போலாமா?" என்றார்.
போலாமுங்க மேடம் என்றோம்.
எங்கள் கோல் வலையில்
ஆடு ஒன்று நுழைந்து வெளியே போகும்.

அவர்கள் முதல் டிவிஷன். நாங்கள் மூன்றாவது.
நடுவில் ஒரு டிவிஷன் இருக்கிறது,
தாராபுரத்துக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே பல்லடம் மாதிரி.
டீ குடிக்க நின்றிருக்கிறோம், தங்கியதில்லை.

விடியக்காலம் ஐந்து மணிக்கு
தௌபீக் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தான்,
புருவத்தில் பனியன் பஞ்சு.
அவன் ஓவர்லாக் அடிக்கும் கம்பெனியில்
ஏதோ வெளிநாட்டு கிளப்புக்கு ஜெர்சி ஓடுகிறது.
எங்கள் ஜெர்சியும் அங்கே கழித்த சரக்குதான்,
ஒன்பது பேருக்கு ஒரே ஏழாம் எண்.
மேடம் மார்க்கர் பேனாவால்
ஒருவனைப் பதினேழாக்கினார், ஒருவனை எழுபத்தொன்றாக்கினார்.
லோகுவுக்கு மட்டும் ஏழை ஏழாகவே விட்டார்.
நான் எழுபத்தாறு.
பெஞ்சில் உட்காருகிறவனுக்கு அதுவே அதிகம்.

அவினாசி ரோட்டில் அவர்கள் மைதானத்துக்கு
தண்ணீர் தெளிக்க ஒரு ஆள், கோடு போட ஒரு ஆள்.
புல்லில் கல் இல்லை.
கல் இல்லாத தரையில் பந்து எப்படிப் போகும் என்று
எங்களுக்குத் தெரியவில்லை.
எங்கள் ஊரில் அது சரளையில் பட்டுத்
தன் இஷ்டத்துக்குத் திரும்பும்,
நாங்கள் பின்னாலேயே போவோம்.

மூன்று பேர் மணிப்பூர், இரண்டு பேர் மலப்புரம்,
அவர்கள் ஸ்டாப்பர் மூலனூர்க்காரன்.
மூலனூர், எங்களுக்கு அடுத்த பஸ்.
எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

எட்டு. பூஜ்யம்.
ஆறாவது கோலுக்கப்புறம் எண்ணுவது ஸ்கோர் போர்டின் வேலை.
ஆனால் அறுபத்திரண்டாவது நிமிடம்
இடது ஓரத்தில் லோகு மூன்று பேரைக் கழற்றிவிட்டு அடித்தான்.
கம்பத்தில் பட்டது. டங்ங் என்று ஒரு சத்தம்,
கோயில் மணியை யாரோ தெரியாமல் இடித்துவிட்ட மாதிரி.
எட்டுக் கோலுக்கும் நாற்காலியை விட்டு அசையாத அவர்கள் கோச்
எழுந்து நின்றார்.

சாப்பாட்டில் ஆளுக்கு இரண்டு முட்டை.
கை கழுவும் இடத்தில் கோச்சின் கை லோகு தோள் மேல் இருந்தது.
ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல், ஷூ என்று
குழாய்ச் சத்தத்துக்கு நடுவே கேட்டது.
மேடம் ரசத்தை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டார்,
சோறு தீர்ந்துபோன இலையில்.

திரும்பும்போது பல்லடத்தில் டீ.
பதினாறு பேருக்கும் லோகு காசு கொடுத்தான்.
ஒரு நாளும் கொடுக்காதவன்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
தௌபீக் மட்டும் டம்ளரைப் பார்த்துச் சொன்னான்:
"நல்லதெல்லாம் கப்பலேறிருது. ரிஜெக்ட்டுதான்டா நம்மளுக்கு."

நான் என்ன நினைத்தேன் என்பதை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
இடது ஓரம் காலி என்று நினைத்தேன்.
டீ நல்ல இனிப்பு.

இப்போது வலை புதுசு, நைலான், வெள்ளை.
ஏழாம் எண் என் முதுகில், பேனா படாமல்.
போன மாதம் காங்கயத்தில் புதிதாக டீம் கட்டிய
ஒரு பாலிடெக்னிக்குக்கு மேடம் கடிதம் போட்டார்.
நட்பு ஆட்டம், போக்குவரத்துச் செலவு, மதியச் சாப்பாடு.
முட்டை ஒன்று.

சாம்பல் நிற ஸ்கூல் டிராயரோடு
அவர்களில் ஒரு பொடியன் இடது ஓரத்தில் நின்றான்.
சரளையில் பந்து எங்கே திரும்பும் என்று
பந்துக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாவது நிமிடம்
வசந்தாமணி மேடம் எழுந்து நின்றார்.